ஆண்டுக் கடைசி வரை தவணை

நினைவு மலர்க் குழுவினர் பள்ளி நினைவுகளைத்தான் எழுதச் சொன்னார்கள். ஆனால் நம் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் எங்கே முடிந்தது, பள்ளி எங்கே தொடங்கியது என்று யாரால் சொல்ல முடியும்? மணி அடித்த பிறகு வீட்டிலிருந்து ஓடினாலும் பிரம்படி வாங்காமல் வகுப்புக்குள் நுழைந்துவிடலாம். அதனால் லயத்தை விட்டுக் கிளம்பியதையே எழுதுகிறேன்.

தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். 1986இல் அப்பாவுக்கு 55 வயது நிறைந்தது. எனக்கு அந்த ஆண்டு மூன்றாம் படிவத்து எஸ்.ஆர்.பி. அரசாங்கத் தேர்வு. "பிள்ளை பரீட்சை எழுதி முடிக்கட்டும் ஐயா" என்று தோட்ட அலுவலகக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டு, ஆண்டுக் கடைசி வரை தவணை வாங்கி வந்தார். ஊழியர் சேமநிதிப் பணத்தில், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு வீடு ஏற்பாடாகியிருந்தது. சைக்கிளில் போகிற தூரம்தான். அம்மாவோ கப்பலேறுகிறவர் மாதிரி விடைபெற ஆரம்பித்துவிட்டார்.

முதலில் கடைக் கணக்கு. சீனக் கடைக்காரரான தவுக்கே கடன் எழுதும் 555 நோட்டுப் புத்தகம் உங்களுக்கும் மறந்திருக்காது. சம்பள நாளில் கொஞ்சம் கட்டி, மறுநாளே அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் திரும்ப எழுதுவார்கள். கணக்கு தீர்ந்த வீடு என்று எங்கள் வரிசையில் ஒன்றுகூடக் கிடையாது. அம்மா மொத்தத்தையும் கட்டியபோது தவுக்கேக்குச் சந்தோஷம் இல்லை. "பாக்கி இல்லன்னா அப்புறம் இந்தப் பக்கம் வர மாட்டீங்களே அக்கா" என்றார் நல்ல தமிழில். ஒரு டின் பிஸ்கட்டும் கொடுத்தார்.

ஆனால் கூட்டுப் பணத்தை மட்டும் அம்மா முடிக்கவில்லை. லயத்துப் பெண்கள் மாதாமாதம் பணம் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் சீட்டு அது. தன் முறைப் பணத்தை முன்பே எடுத்துவிட்டிருந்தார். மீதித் தவணைகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போ என்று அப்பா சொல்லியும் கேட்கவில்லை. "மாசாமாசம் வந்து கட்டிக்கிறேன்" என்றார். கையில் பணம் இருந்தது எனக்குத் தெரியும்.

அப்பாவின் கதை வேறு. ரப்பர் பால் எடுக்கப் பால்மரத்தின் பட்டையை வெட்ட இனிப் போக வேண்டியதில்லை. ஆனாலும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்று பழகிய உடம்பு. படியில் உட்கார்ந்து, பால் சுமக்கும் காண்டா வாளியோடு போகிறவர்களிடம் வானத்தைக் காட்டி, "இன்னைக்கு வெட்டு இருக்காது" என்பார். மழைக்காலம் வேறு, அவர் சொன்னது பல நாள் பலித்தது. மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கூலியும் கிடையாது. ஆகவே இந்த ஜோசியத்தை யாரும் ரசிக்கவில்லை.

அவரைக் கிண்டல் செய்ய அம்மாவுக்கு ஒரு விஷயம் எப்போதும் இருந்தது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க, வேலையும் வீடும் போய்த் தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள் அல்லவா? அப்போது அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளே பணம் போட்டுத் தோட்டம் வாங்குவது என்பது திட்டம். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். அப்பாவும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு எடுத்திருந்தார். எங்கள் தோட்டம் சங்கத்துடையது இல்லை. "தோட்டத்து முதலாளி வீட்டைக் காலி பண்றாரு, வழி விடுங்க" என்று சட்டி பானை கட்டும்போது அம்மா சொல்ல, குழாயடியே சிரித்தது.

லோரி வந்த நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மழை தூறியது, மெத்தை நனைந்தது, கோழிகளைப் பக்கத்து வீட்டுச் சின்னம்மா வாங்கிக்கொண்டார். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினோம். புது வீட்டில் குழாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மா சொன்னபடி மாதாமாதம் சம்பள வாரத்தில் போய்க் கட்டினார். அந்தக் கூட்டு முடிந்ததும் அடுத்ததில் சேர்ந்தார். பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு, லயத்தையும் இடித்த பிறகு அந்தப் பெண்கள் பட்டணத்துப் பல தாமான்களுக்குச் (குடியிருப்புகளுக்கு) சிதறினார்கள். கூட்டு மட்டும் எங்கள் வீட்டு வாசலுக்கு மாறியது.

லயத்துக் குழாயடியில் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. யாரிடமாவது இருந்தால் அடுத்த மலருக்கு அனுப்பி வையுங்கள். ஓரத்தில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால், அது பெரும்பாலும் என் அம்மாதான்.