மார்கழியில் மாணா

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை என்று அலக்நந்தா ஆற்றின் கையை விடாமல் ஏறுகிற சாலை. ஜோஷிமட்டில் இரவு தங்கி, மறுநாள் ஷேர் ஜீப் பிடித்தேன். லாம்பகட் அருகே மலை சரிந்து ஒன்றரை மணி நேரம் நின்றோம். மண்வெட்டியோடு நின்ற தொழிலாளர்களை அப்போது நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஆழ்வார்கள் பாடிய வதரியாச்சிரமம் என்பதால் பத்ரிநாத்தில் எப்போதும் தமிழ்க் குரல் கேட்கும். தரிசனம் முடிந்ததும் பக்தர்கள் மூன்று கிலோமீட்டர் தள்ளி, திபெத் எல்லைப் பக்கம் இருக்கும் மாணா கிராமத்துக்குப் போய், வியாசர் குகையையும் பீமன் பாலத்தையும் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறார்கள். நான் ஒரு பகல் முழுவதும் இருந்தேன்.

வண்டிகள் ஊர் வாசலோடு சரி. உள்ளே கல் பாவிய சந்துகள். நடக்க முடியாத பெரியவர்களை முதுகுக் கூடையில் உட்காரவைத்துத் தூக்கிப் போகிறார்கள். 3,200 மீட்டர் உயரத்தில் வெறுங்கையோடு நடக்கவே எனக்கு மூச்சு வாங்கியது.

ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். நான்கு ஊசிகள். பேசிக்கொண்டே பின்னுகிறவர், குதிகால் திரும்பும் இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திக் கண்ணிகளை எண்ணினார். “அக்கா, ஊரில் எத்தனை பேர் இருப்பீர்கள்?” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். “எந்த மாதத்தில்?” என்று திருப்பிக் கேட்டார்.

2011 கணக்கெடுப்பின்படி மாணாவின் மக்கள்தொகை 1,200-ஐச் சற்றுத் தாண்டும். நவம்பரில் பனிக்காலத்துக்காகப் பத்ரிநாத் நடை சாத்தியதும் அந்த எண் காலாவதியாகிவிடுகிறது. மாணாப் பெண்கள் நெய்த கம்பளியை நெய்யில் நனைத்து, நடை சாத்தும் நாளில் பெருமாளுக்குப் போர்த்துகிறார்கள். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆடு மாடு, பிள்ளைகளோடு கோபேஸ்வர் பக்கம் இறங்கிவிடுகிறார்கள். இடம்பெயர்வது இவர்களுக்குப் புதிதல்ல. போட்டியா இனத்தவரான இவர்களின் முன்னோர், மாணா கணவாய் வழியாகத் திபெத்தோடு உப்பும் கம்பளியும் வணிகம் செய்தவர்கள். 1962 போரோடு அந்த வழி அடைபட்டது.

அரசுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில், யார் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணும் கணக்கு நாள் நாட்டின் மற்ற பகுதிகளுக்கு மார்ச் 1 என்றால், பனி மூடும் பகுதிகளுக்கு 2010 அக்டோபர் 1. அடுத்த கணக்கெடுப்பிலும் அப்படியே: 2027 மார்ச் 1, பனிப் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1. ஊர் நிறைந்திருக்கும்போது தலையை எண்ணுகிறார்கள். நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால் மார்கழியில் மாணாவில் யார் இருக்கிறார்கள்? படைவீரர்கள், அவர்களுக்காகச் சாலைப் பனியை அகற்றும் தொழிலாளர்கள். 2025 பிப்ரவரி 28 அன்று மாணா அருகே அந்தத் தொழிலாளர்களின் முகாம் மீது பனிச்சரிவு விழுந்தது. 54 பேர் சிக்கினார்கள். 8 பேர் இறந்தார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், பஞ்சாப் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்கள் பெயர் எந்த ஊர்க் கணக்கில் இருந்தாலும் இருக்கட்டும். மாணாவைப் பற்றி எழுதுகிற எவரும் அவர்களுக்கு ஒரு வரியாவது கொடுக்க வேண்டும். நாம் போய்வருகிற சாலை அவர்கள் உயிரைக் கொடுத்துக் காக்கிற சாலை.

அந்த அம்மாவிடம் ஒரு ஜோடி காலுறை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். லாம்பகட்டில் மறுபடியும் ஜீப் நின்றது. இம்முறை இறங்கிப்போய், கல் அகற்றிக்கொண்டிருந்தவர்களிடம் எந்த ஊர் என்று விசாரித்தேன். “பீகாரில் சம்பாரண்” என்றான் ஓர் இளைஞன். அவன் பக்கத்தில் இருந்தவர் மலையை நிமிர்ந்து பார்த்தபடி, “வண்டியில் ஏறுங்கள், மேலே கல் ஆடுகிறது” என்றார்.