காக்கிச் சட்டைகள் தொங்கிய வேலி

2006 குளிர்காலத்தில் நாங்கள் பிரிஸ்பேனுக்குக் குடிவந்தபோது, எனக்குப் பேர் தெரிந்த ஆஸ்திரேலியர்கள் எல்லாரும் கிரிக்கெட்காரர்கள்தான். அவர்களை விட்டால் ஸ்டீவ் இர்வின் ஒருவர். தூத்துக்குடியில் கேபிள் டிவியில் அவர் வந்துவிட்டால் என் மகனுக்குச் சோறு இறங்காது. காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டையோடு சேற்றில் இறங்கி முதலையின் முதுகில் விழுவார். எழுந்ததும் அந்த முதலை எவ்வளவு அழகு என்று கேமராவைப் பார்த்துக் கத்துவார். விசா வந்த அன்று மகன் கேட்டது, "அம்மா, முதலை மாமா ஊருக்கா போறோம்?" என்றுதான்.

அவன் கேட்டது சரியாகத்தான் இருந்தது. அவருடைய ஆஸ்திரேலியா ஜூ பீர்வா என்ற ஊரில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து வடக்கே காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1970-இல் அவருடைய அப்பா பாபும் அம்மா லின்னும் சின்ன ஊர்வனப் பூங்காவாகத் தொடங்கிய இடம் அது. இர்வின் வளர்ந்ததே பாம்புகளோடும் முதலைகளோடும்தான்.

ஆனால் உள்ளூர்க்காரர்களிடம் அவர் பேச்சை எடுத்தால் பலருக்கும் ஒரு கூச்சம் வந்தது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒரு அம்மா இருந்தார். "அந்த ஆளைப் பார்த்துவிட்டு வெளிநாட்டில் எங்கள் எல்லாரையுமே அப்படி நினைக்கிறார்கள்" என்று சலித்துக்கொண்டார். 2004 ஜனவரியில், பிறந்து ஒரு மாதமே ஆன மகன் ராபர்ட்டை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் இர்வின் முதலைக்கு இரை போட்டதை அந்த அம்மா மன்னிக்கவே இல்லை. உலகமே கொண்டாடும் ஒருவரைச் சொந்த ஊரில் இப்படிப் பேசுகிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

செப்டம்பர் 3, ஞாயிறு, இங்கே தந்தையர் தினம். பள்ளியில் செய்த வாழ்த்து அட்டையை மகன் அவன் அப்பாவிடம் கொடுத்தான். மறுநாள் பிற்பகல் அவனைக் கூட்டிவரப் போனால், வாசலில் பெற்றோர்கள் அங்கங்கே கூட்டமாக நின்றிருந்தார்கள். வழக்கமாக வருகிறவர்கள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார்கள், அன்று யாரும் கிளம்பவில்லை. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத ஒரு தாய் நேராக வந்து, "ஸ்டீவ் செத்துட்டாராம்" என்றார். யார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை.

போர்ட் டக்ளஸ் ஊருக்கு அப்பால் பேட் ரீஃப் என்ற பவளத்திட்டில், கடலின் ஆபத்தான உயிரினங்களைப் பற்றிய படப்பிடிப்பு. மோசமான வானிலையால் அந்த வேலை தடைப்பட, மகள் பிண்டியின் நிகழ்ச்சிக்காகக் கொஞ்சம் படமெடுக்கலாம் என்று ஆழமில்லாத தண்ணீரில் இறங்கியிருக்கிறார். பெரிய திருக்கை ஒன்றின் மேலாக நீந்தியபோது அது வாலைச் சுழற்றியது. முள் மார்பில் ஏறி இதயத்தைத் துளைத்துவிட்டது. வயது 44.

அன்றிரவு தூத்துக்குடியிலிருந்து என் தாய்மாமா போன் செய்தார். ஆயுசு முழுக்க வல்லத்தில் கடலுக்குப் போனவர். "யம்மா, திருக்கை தேடி வந்து குத்தாது. தலைக்கு மேல ஆள் வந்து, போக வழியில்லன்னு தோணுனாத்தான் வாலத் தூக்கும். வலையில ஏறுச்சுன்னா நாங்க மொதல்ல முள்ளத்தான் ஒடிப்போம். கால்ல கையில குத்துவாங்கின ஆளு ஊருக்குள்ள எத்தனையோ பேரு. நெஞ்சுல வாங்கினவன நான் பாத்ததில்ல." முதலையைப் பிடிக்கிற ஆளைத் திருக்கை கொன்றுவிட்டதா என்று டிவியில் எல்லாரும் திகைத்துக்கொண்டிருந்தபோது, மாமா சொன்னது ஒன்றுதான் எனக்கு விஷயத்தை விளங்கவைத்தது.

அடுத்த சில நாட்களில் இந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புரண்டுபோனது. அரசு மரியாதையோடு அடக்கம் செய்யலாம் என்று எங்கள் மாநிலமான குவீன்ஸ்லாந்தின் பிரீமியர், அதாவது முதலமைச்சர், பீட்டர் பீட்டி முன்வந்தார். அப்பா பாப் இர்வின் வேண்டாம் என்றுவிட்டார். தன் மகன் சாதாரண மனுஷன், சாதாரண மனுஷனாகத்தான் நினைவுகூரப்பட விரும்புவான் என்பது அவர் சொன்ன காரணம். எம்ஜிஆர் இறந்த 1987 டிசம்பரில் நான் பள்ளிக்கூடச் சிறுமி. தலைவர் என்றால் கடவுளுக்கு அடுத்தபடி என்று பார்த்து வளர்ந்தவள். அரசே கொடுக்க வரும் மரியாதையை ஒரு தகப்பன் இப்படி மறுப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா தலையை ஆட்டி, "அதுதான் சரி" என்றார். கண் சிவந்திருந்தது. அதே ஆளைப் பற்றிச் சலித்துக்கொண்டவர்தான்.

செப்டம்பர் 9 அன்று குடும்பத்தார் மட்டும் சேர்ந்து அவரை ஜூ வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். அடுத்து வந்த வார இறுதியில் நாங்கள் பீர்வா போனோம். வாசலில் பூக்கள் மலையாகக் கிடந்தன. அதைவிட என்னை நிறுத்தியவை காக்கிச் சட்டைகள். ஜனங்கள் தங்கள் சட்டையைக் கொண்டுவந்து, மார்க்கர் பேனாவால் நாலு வரி எழுதி, வேலியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காலர் நைந்த வேலைச் சட்டைகள், குழந்தைகளுடையவை, பட்டன் விட்டுப்போன ஒன்று. ஒரு சின்னச் சட்டையில் எழுத்தே இல்லை, பச்சை கிரேயானில் ஒரு முதலை, கண்ணுக்குக் கீழே நீலத்தில் மூன்று பெரிய சொட்டுகள். மகன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாமும் ஒன்று கொண்டுவந்திருக்கலாமே என்றான்.

செப்டம்பர் 20 அன்று அங்குள்ள குரோகோசியம் அரங்கில் அஞ்சலிக் கூட்டம். ஐயாயிரம் பேருக்கு மேல் நேரில், மிச்ச நாடு டிவி முன்னால். சிட்னி துறைமுகப் பாலத்தில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. பிரதமர் ஜான் ஹோவர்ட் பேசினார். ஆனால் எனக்கு நினைவிருப்பது பிண்டிதான். எட்டு வயதுக் குழந்தை, தானே எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு, "என் அப்பாதான் என் ஹீரோ. எனக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் கூட இருந்தார்" என்று தடுமாறாமல் வாசித்தாள். எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. முடிவில் அவருடைய சாமான்களை ஏற்றிய வண்டி அரங்கை விட்டுப் போக, ஊழியர்கள் அவர் ஓயாமல் கத்தும் 'கிரைக்கி' என்ற வார்த்தையைத் தரையில் பூக்களால் எழுதினார்கள்.

துக்கத்தோடு கோபமும் கிளம்பியது. எழுத்தாளர் ஜெர்மெய்ன் கிரீர், விலங்குகளின் உலகம் இர்வினிடம் பழிதீர்த்துக்கொண்டது என்கிற தொனியில் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதினார். அரசியல்வாதிகள் உட்பட எல்லாரும் அவரை வாயை மூடச் சொன்னார்கள். விலங்குக்கு அதன் இடத்தை விட வேண்டும் என்று அவர் எழுப்பிய கேள்வியைத் தள்ளிவிட முடியாது, என் மாமா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே. ஆனால் பிணம் அடக்கமாகும் முன்னே சொன்னது கொடுமை. அதில் நான் இவர்கள் பக்கம்தான்.

என்னால் தாங்க முடியாதது வேறொன்று. குவீன்ஸ்லாந்துக் கடற்கரைகளில் செத்துக்கிடந்த திருக்கைகளைக் கண்டெடுத்தார்கள், சிலவற்றுக்கு வால் அறுக்கப்பட்டிருந்தது. ரசிகர்கள் பழிவாங்குகிறார்களோ என்று சந்தேகம் எழுந்தது. இர்வின் தொடங்கிய வனவிலங்கு அமைப்பே முன்வந்து, இது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை, நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. பாம்பையும் முதலையையும் கண்டால் கொல்லாதே, ரசி என்று ஆயுசெல்லாம் தொண்டை கிழியக் கத்திய மனிதர். அவர் பேரைச் சொல்லி ஒரு மீனை அறுப்பதற்கு யாருக்காவது எப்படிக் கை வரும்? அதைப் பற்றிப் பேசத்தான் பக்கத்து வீட்டு அம்மாவின் படி முதல்முறையாக ஏறினேன். அதுவரை வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வெயில், மழை பற்றி மட்டும் பேசியிருந்தோம். அன்று டீ போட்டுக் கொடுத்தார். திருக்கையை எங்கள் ஊரில் எப்படிப் பிடிப்பார்கள், எப்படிக் குழம்பு வைப்போம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். அப்புறம் அவர் வீட்டுக் கதவு எங்களுக்குச் சாத்தியதே இல்லை.

இப்போது ஜூவுக்குப் போகும் சாலைக்கு ஸ்டீவ் இர்வின் வே என்று பெயர். அன்று இரண்டரை வயதாக இருந்த ராபர்ட் அதே காக்கியில் அதே அரங்கில் முதலைக்கு இரை போடுகிறார். ஊரிலிருந்து புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களை நாங்கள் அங்கே கூட்டிப்போவது வழக்கம், அப்படியே கடற்கரைக்கும். தண்ணீரில் இறங்கும் முன் பிள்ளைகளை நிறுத்தி ஒன்றைச் சொல்வேன்: மணல் தரையில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், அதிர்வு தெரிந்தால் திருக்கை தானே விலகிப் போய்விடும். பெரியவர்களுக்கு இன்னும் கொஞ்சம். காலில் குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள். மார்பிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது, உடனே இங்குள்ள அவசர உதவி எண் 000-ஐ அழையுங்கள்.