அம்மா பாதியில் விட்ட ஒயர் கூடை

அம்மா தவறியது ஐப்பசியில். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவெல்லாம் ஊருக்குக் கிளம்பிய மறுநாள், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகியிருந்த ஒரு துணிப்பை கண்ணில் பட்டது. பிரித்தால் பாதி பின்னிய ஒயர் கூடை. அடி முழுக்க முடிந்து, பக்கம் நாலு வரிசை ஏறியிருந்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்த பச்சை நுனிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். கூடவே ஒரு காலண்டர் தாள். பின்பக்கம் அவள் கையெழுத்து: "நீளம் 19, அகலம் 7, குறுக்கு 7 முழம், நெடுக்கு 8 முழம், உயரம் 20."

அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். மார்கழி முடியும்வரை தொடவில்லை.

எங்கள் மதுரைப் பக்கம் ஒயர் கூடை இல்லாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு, கோயிலுக்குத் தேங்காய் பழம், ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்க், எல்லாம் அதில்தான் போகும். அம்மா என் ஒன்றாம் வகுப்புக்குப் பின்னிய கூடையில்தான் இன்றும் வீட்டில் வெங்காயம் கிடக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக்கெல்லாம் தடை என்று ஆனபோது தெருவில் பத்துப் பேராவது அவளிடம் கூடை கேட்டு வந்தார்கள். யாருக்கும் அவசரமாகப் பின்னித் தந்ததில்லை. "மெதுவாத்தான் வரும்"னு முதலிலேயே சொல்லிவிடுவாள். அந்த "மெதுவா" எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது.

தை

தூக்கம் இல்லை. படுத்தால் கடைசி பத்து நாள் கண் முன்னால் ஓடும். பார்க்கிறவர்கள் எல்லாரும் "ரெஸ்ட் எடுப்பா" என்றார்கள். ஆபீசில் லீவும் கொடுத்தார்கள். மூன்று நாள் வீட்டில் படுத்துப் பார்த்தேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதுதான் எனக்கு இருந்ததிலேயே பெரிய வேலையாக இருந்தது. நாலாம் நாள் பஸ் ஏறித் திருமங்கலத்துக்குச் சித்தி வீட்டுக்குப் போனேன், துணிப்பையோடு. சித்தியும் அம்மாவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கூடை பின்னக் கற்றவர்கள்.

சித்தி கூடையை மடியில் வைத்து வரிசை வரிசையாக விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இதுல கைய வைக்காதப்பா. முதல்ல ஒரு சின்னக் கூடை போடு. கை பழகட்டும். அக்கா கூடைய அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் மஞ்சள் ஒயர் ஒரு கட்டு, நீலம் ஒரு கட்டு வாங்கினேன். நீளம் 9 முடிச்சு, அகலம் 3 முடிச்சு என்று சின்னதாக ஒரு கூடை. கற்க வேண்டியது சாதா முடிச்சு ஒன்றுதான். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்செல்லாம் பிறகு. நிற்கிற ஒயரை ஒரு வளையமாக மடித்து, குறுக்கே போகிற ரன்னிங் ஒயரை அதற்குள் விட்டு வளைத்து, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து இழுக்க வேண்டும். சரியாக விழுந்தால் நாலு கட்டம் தெரியும். இரண்டு மஞ்சள், இரண்டு நீலம், எதிரெதிர் மூலையில். கோத்தது தப்பினால் இழுத்தவுடன் அவிழ்ந்து நேர் ஒயராகிக் கையில் நிற்கும்.

முதல் நாள் ஒரு மணி நேரத்தில் ஒன்பது முடிச்சு. அதில் நாலைச் சித்தி பிரித்துவிட்டாள்.

அந்தச் சின்னக் கூடை ஆறு வரிசையோடு நின்றுபோனது. ஒயரை வெட்டும்போது, கூடை எவ்வளவு உயரம் வேண்டுமோ அந்த அளவை மட்டும் கணக்கில் வைத்தேன். முடிச்சு ஒயரைத் தின்னும். விரல் நகம் அளவுள்ள ஒரு முடிச்சுக்குள் நாலைந்து சென்டிமீட்டர் ஒயர் மறைந்துபோகிறது. கற்கிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: நுனி மடித்துச் செருகவும் கையளவு மிச்சம் வேண்டும், தாராளமாக வெட்டுங்கள். புது ஒயர் கட்டிலிருந்து சுருள் சுருளாக வரும். வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் இளகி நிற்கும், இழுக்கும்போது விரலையும் அறுக்காது. குட்டைக் கூடையில் இப்போது பூண்டு வைத்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் இந்த வாரங்களில் கவனித்தேன். கோத்து இழுக்கிற நேரத்தில் வேறெதுவும் மனசுக்குள் வரவில்லை. துக்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எழுந்தவுடன் அது இருந்தது. ஆனால் அந்த அரை மணி நேரம் அது என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தது.

மாசி

அம்மா கூடையை எடுத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடியில் 19 குறுக்கு ஒயர், 7 நெடுக்கு ஒயர். மொத்தம் 26 ஒயர், மேலே நிற்பது 52 நுனி. ஆக ஒரு சுற்றுக்கு 52 முடிச்சு. அடியில் 133, பக்கத்தில் 208 அவள் போட்டுவிட்டாள். மிச்சம் 16 வரிசை, 832 முடிச்சு.

முதல் சிக்கல் நிறம். நிற்கிற ஒயர் பச்சை, ரன்னிங் ஒயர் சந்தன நிறம். அதே சந்தன நிறத்துக்கு நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒன்று வெளுப்பாக இருந்தது, ஒன்று மஞ்சளடித்தது. ஒரு கடைக்காரர் "பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும் சார்" என்றார். எனக்குப் பக்கத்தில் வைத்துத்தானே பின்ன வேண்டும்? அவள் எங்கே நிறுத்தினாள் என்பது தெரியாதபடி முடித்துவிட வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அந்த எண்ணம் மாறியது. தெரியட்டும். அவள் நிறுத்திய இடம் தெரியத்தான் வேண்டும். மறுநாள் போய் அரக்கு நிறத்தில் வாங்கி வந்தேன். பச்சைக்கு அரக்கு, அம்மாவின் பட்டுப்புடவை ஒன்றின் நிறம்.

ஐந்தாம் வரிசை தொடங்கியபோதுதான் ஒன்று புரிந்தது. நிற்கிற 26 ஒயரும் அவள் வெட்டியவை, அவள் அடியிலிருந்து எழுப்பியவை. என்னுடையது குறுக்கே ஓடுகிற ஒன்று மட்டும். இனி நான் போடுகிற ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு கட்டம் அவளுடையது, இரண்டு கட்டம் என்னுடையது. ஐந்தாறு முடிச்சு போட்டுவிட்டு அன்றைக்கு எழுந்துவிட்டேன். கண் தெரியவில்லை.

பங்குனி

அப்புறம் வேகம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் மூன்று வரிசை போட்டேன். ஐந்து மணி நேரம். சித்திரைக்குள் முடிக்க வேண்டும் என்று தாளில் தேதி போட்டு வைத்தேன். ஆள்காட்டி விரல் ஓரம் வெடித்தது. அன்றிரவு மறுபடி தூக்கம் போனது.

அடுத்த வாரம் சித்தி வந்து பார்த்தாள். பார்த்தவுடன் கேட்டாள்: "இந்த மூணு வரிசையும் ஒரே நாள்ல போட்டியா?"

எப்படித் தெரிந்தது என்றேன். விரலை வைத்துக் காட்டினாள். ஒன்பதாம் வரிசை இறுக்கமாக இருந்தது, பதினொன்றாம் வரிசை தொளதொளவென்று. களைத்த கை இழுக்காது. அம்மாவின் நாலு வரிசையைக் காட்டினாள். எல்லா முடிச்சும் ஒரே இறுக்கம், ஒரே அளவு.

"அக்கா ஒரு நாளைக்கு ரெண்டு வரிசைதான் போடுவா. ரெண்டு முடிஞ்சா ஊர் கவுந்தாலும் மூணாவது போட மாட்டா. அப்படியே தரையில சேலைத் தலைப்ப விரிச்சு அரை மணி நேரம் படுத்துருவா. நீ பள்ளிக்கூடத்துல இருந்து வாரதுக்குள்ள எந்திரிச்சிருவா. அதான் உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரிந்த அம்மா படுத்தே பார்த்ததில்லை. விடியற்காலை வாசல் தெளிப்பதிலிருந்து ராத்திரி பால் உறை ஊற்றுவதுவரை நின்றுகொண்டேதான் இருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு மேல் மதுரை வானொலியைச் சின்னதாக வைத்துக்கொண்டு, கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் எதுவும் கேட்காத நேரம் அவளுக்கு அது ஒன்றுதான். அதனால்தான் யார் அவசரப்படுத்தினாலும் "மெதுவாத்தான் வரும்" என்று சொல்லியிருக்கிறாள். அதை வேலையாக்க அவள் விடவில்லை. நான் ஒரே மாதத்தில் அதற்குத் தேதி குறித்து வேலையாக்கிவிட்டேன்.

இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஸ்குட் இருவரும் 1999-இல் துக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம் வைத்தார்கள். இழந்தவரையே நினைத்துக் கிடப்பது ஒரு பக்கம், அன்றாட வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவது இன்னொரு பக்கம். மனசு இந்த இரண்டுக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருப்பதுதான் இயல்பு, இரண்டிலிருந்தும் அவ்வப்போது விடுப்பும் வேண்டும் என்கிறார்கள். "விடுப்பு" என்ற இடத்தில் நிறுத்தி இரண்டாவது முறை படித்தேன். அம்மாவை ஒரு மணி நேரம் நினைக்காமல் இருந்தால் துரோகம் என்பது போல ஒரு பயம் எனக்கு இருந்தது. அந்தப் பயம் அன்றைக்குப் பாதி குறைந்தது. மீதி, சித்தி சொன்ன தரையும் தலைப்பும் குறைத்தது.

அந்த மூன்று வரிசையையும் பிரித்தேன். அதன் பிறகு ஆபீஸ் நாளில் இரவு ஒரு வரிசை, ஞாயிறு மதியம் இரண்டு. முடிந்ததும் தரையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவேன். இரண்டாம் ஞாயிறு தூங்கியே போனேன். எழுந்தபோது ஐந்தரை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "இதுவரைக்கும் அப்பத்தா, இதுக்கு மேல நீங்க" என்று அரக்கு தொடங்குகிற இடத்தில் விரலை வைத்துச் சொன்னாள்.

பதினாறாம் வரிசையில் ஒரு மூலை ஒயர் நுனி பிளந்துவிட்டது. மாற்று ஒயர் வேண்டும். பையின் அடியில் அம்மா வெட்டி வைத்த குறுக்கு ஒயர் நாலு மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்தேன். தேவையே இல்லாமல் அதை என் கையால் முழம் போட்டுப் பார்த்தேன். ஏழு முழம் என்று தாளில் இருக்கிறது. என் கைக்கு ஆறரைகூட வரவில்லை. டேப் எடுத்து அளந்தேன். 301 சென்டிமீட்டர். மற்ற மூன்றையும் அளந்தேன், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே அதே அளவு. ஏழால் வகுத்தால் 43.

முழங்கை முதல் நடுவிரல் நுனிவரை 43 சென்டிமீட்டர். அம்மாவின் கை.

அந்த ஒயரைப் போட மனசு வரவில்லை. ஆனால் கூடைக்குத்தானே வெட்டி வைத்தாள்? போட்டேன்.

சித்திரை

இருபதாம் வரிசை முடிந்தது. 52 நுனியையும் உள்பக்கமாக மடித்து, கீழே மூன்று நான்கு முடிச்சுக்குள் செருகி, மிச்சத்தைக் கத்தரிக்க ஒரு வாரம் ஆனது. கைப்பிடி என்னால் முடியவில்லை. உள்ளே தடி ஒயர் வைத்து மேலே சுற்றிப் பின்னும்போது முறுக்கு ஒரு பக்கமாகவே சாய்ந்தது. அதைச் சித்திதான் போட்டாள். ஆக இந்தக் கூடையில் மூன்று பேர் கை இருக்கிறது. என் வரிசைகள் அம்மாவுடையதைவிடக் கொஞ்சம் அகலம். தரையில் வைத்தால் மேல்வாய் லேசாக விரிந்து நிற்கிறது.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் எதிர்சேவைக்கு அம்மா வருஷம் தவறாமல் தல்லாகுளம் போவாள். சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி அழகரை வரவேற்பது எங்கள் ஊர் வழக்கம். அந்தச் சொம்பு ஒயர் கூடையில்தான் போகும். இந்த வருஷம் எங்களுக்கு எதுவும் கிடையாது, தெவசம் கழியவில்லை. சித்தி தன் வீட்டிலிருந்து கிளம்பினாள். போகும்போது கூடையைக் கேட்டாள். கொடுத்தேன்.

மறுநாள் திரும்பி வந்தது. அடியில் முடிச்சுகளின் இடுக்கில் சர்க்கரை ஒட்டியிருந்தது, எறும்பு வந்துவிட்டது. மகளும் நானும் குழாயடியில் வைத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தோம்.

அம்மா வெட்டிய ஒயர் இன்னும் மூன்று இருக்கிறது. அதே ரப்பர் பேண்டு போட்டு அதே பையில் வைத்திருக்கிறேன். அடுத்தது சித்திக்கு ஒரு கூடை, நீளம் 17, அகலம் 7. நிறம் அவளே சொல்லிவிட்டாள், வெள்ளையும் மயில் நீலமும். ஒயர் வாங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வெட்டுவேன். முழத்துக்கு 43.