பாத்திரக் கடைக் கணக்கும் பி.காம் பாடமும்

பாரிமுனையில் ஒரு எவர்சில்வர் பாத்திர மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்ததும் வேலை, அப்புறம் கல்யாணம், குழந்தை. நாற்பதை நெருங்கும்போதுதான் சேப்பாக்கம் போய், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் பி.காம் சேர்ந்தேன். "இந்த வயசுல டிகிரி வாங்கி என்னக்கா பண்ணப் போறீங்க?" என்று கடைப் பையன்கள் கேட்டார்கள். வங்கியியல் பாடத்துக்கு வந்தபோதுதான் எனக்கே அதற்குப் பதில் தெரிந்தது.

எங்கள் தொழிலில் செக் ரிட்டர்ன் ஆவது சாதாரணம். வங்கி தரும் மெமோவை ஃபைலில் சேர்ப்பேன், பார்ட்டிக்குப் போன் போடுவேன், "அடுத்த வாரம் போடுங்கம்மா" என்பார்கள். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ஆம் ஆண்டினது. அதன் 138-வது பிரிவைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். வெறும் தாளாக என் கையில் வந்து போய்க்கொண்டிருந்த மெமோ ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது! மறுநாளே தனி நோட்டுப் போட்டு, மெமோ வந்த தேதி, கெடு முடியும் தேதி எல்லாம் எழுத ஆரம்பித்தேன். இப்போது வக்கீலைப் பார்க்கப் போகும்போது முதலாளி என்னையும் கூப்பிடுகிறார்.

வார இறுதி வகுப்பில் பக்கத்தில் உட்காருபவர் அம்பத்தூரில் ஸ்டோர் கீப்பர். சரக்கிருப்பு மதிப்பீட்டில், முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறையில் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். "சார், பின்னாடி ரேக்குல இருக்கிறதை யாரும் எடுக்கவே மாட்டாங்க, துருப்பிடிச்சே போயிடும்" என்று அவர் எழுந்து சொன்னார். ஆசிரியர் அந்த ரேக்கை வைத்தே மிச்ச வகுப்பை நடத்தினார். எனக்கு மிகப் பிடித்த வகுப்பு அது. வேலை செய்துகொண்டே படிப்பவர்கள் நிறைந்த வகுப்பில், புத்தகம் சொல்வதைச் சரிபார்க்க ஆள் இருக்கிறார்கள்.

ஆனால் நேரம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பெருங்குடியில் எங்கள் வீடு சின்னது. வகுப்பில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கும் ரயில் பிடித்து கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போய்விடுவேன். நம் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனி இடம் உண்டு. அன்று வீட்டில் சமையல் அவர்தான். நாத்தனார் பெண்ணின் வளைகாப்பு பரீட்சை நாளில் வந்தது, போகவில்லை. அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. அவர்கள் வருத்தப்படுவதில் நியாயமும் இருக்கிறது.

சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம் இதுவரை வீட்டுக் கஷ்டத்தைத்தான் சொல்லியிருக்கிறேன். ஸ்கூல் ஃபீஸ், மாமியார் மருந்து. இந்தத் தீபாவளிக்கு முன்னால் கேட்கப் போகிறேன். இந்த முறை அந்த நோட்டை எடுத்துப்போய், கெடு தவறாமல் நோட்டீஸ் போனதால் வசூலான தொகையை முதலாளிக்குக் கூட்டிக் காட்டுவேன்.