டெங்கு விட்டது, கண்ணில் திட்டு விழுந்தது

மேலூர்ப் பக்கம் ஐப்பசி மழைக்குப் பின்னால் எங்கள் தெருவில் பல வீடுகளில் டெங்கு. எனக்கும் வந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) இறங்கி, டிரிப்ஸ் ஏற்றி, ஒருவழியாக வீடு திரும்பினேன். காய்ச்சல் விட்ட கொஞ்ச நாளில் தினசரி காலண்டரைப் பார்த்தால் தேதி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் திட்டு. சுற்றியிருக்கும் எழுத்தெல்லாம் தெரிகிறது, நேராகப் பார்க்கும் இடம் மட்டும் இல்லை. ஜன்னல் கம்பியும் நடுவில் நெளிந்து தெரிந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தபோதுதான் கோளாறு வலது கண்ணில் என்று பிடிபட்டது. இரண்டையும் திறந்து வைத்திருந்தால் நல்ல கண் ஈடுகட்டிவிடுகிறது. அதனால் காய்ச்சலில் எழுந்தவர்கள் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்.

பக்கத்தில் காட்டியபோது காய்ச்சல் அசதி என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். கண் சிவக்கவில்லை, வலியும் இல்லை; நானும் நம்பியிருப்பேன். மதினிதான் விடவில்லை. "வலிக்கலன்னு உக்காந்திருக்காதீங்க தம்பி, நாளைக்கே அண்ணா நகர் போயிருவோம்" என்றார்.

மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோவில் அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டுப் போட்டு, பார்வை பார்த்து, கண் பிரஷர் பார்த்து, கண்ணின் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டார்கள். அது விட்டபின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள், பைக்கில் போகவே போகாதீர்கள். அப்புறம் கண்ணின் உள்ளே விழித்திரையைப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன். ஊசி இல்லை, வலி இல்லை. முகவாயைத் தாங்கியில் வைத்து உள்ளே தெரியும் விளக்கைப் பார்த்தால் போதும்.

விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் வீக்கம் என்றார் டாக்டர். டெங்குவில் தட்டணு அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்களை ஒட்டித்தான் பெரும்பாலும் இது வருமாம். கிருமியை எதிர்க்க உடம்பு எழுப்பும் அழற்சிக்கு இதில் பெரும் பங்கு இருக்கும் என்கிறார்கள். 2006இல் சிக்குன்குனியா நம் ஊர்களை முடக்கிப் போட்டபோதே மதுரைக் கண் மருத்துவர்கள் அந்தக் காய்ச்சலுக்குப் பின் வரும் கண் பாதிப்புகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் காய்ச்சல் வார்டில் ஒருவர்கூட கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி அச்சடித்தால் எத்தனை பேருக்கு உதவும்!

காய்ச்சல் கால ரத்தப் பரிசோதனைத் தாள்களை மதினி பையில் எடுத்து வந்தது பெரிய உதவி. பலருக்கு இது மருந்தில்லாமலே வடியும். எனக்கு நடுப்பார்வையே அடிபட்டதால் ஸ்டீராய்டு மாத்திரை என்று முடிவானது. அதற்கு முன் சர்க்கரை, காசநோய் உட்படச் சில பரிசோதனைகள் செய்தார்கள். உள்ளே வேறு தொற்று ஒளிந்திருந்தால் ஸ்டீராய்டு அதைக் கிளப்பிவிடும். மாத்திரை நாட்களில் பசி அகோரம், தூக்கம் வராது, முகம் உப்பிவிட்டது. தெளிந்துவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது, அவர்கள் சொல்கிற கணக்கில்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இப்போது ஸ்கேனில் வீக்கம் வடிந்துவிட்டது, சார்ட்டில் கடைசி வரி வரை வாசிக்கிறேன். திட்டு மட்டும் வெளிறிப்போய் இன்னும் இருக்கிறது. அது மறைய மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு லேசாகத் தங்கிவிடவும் செய்யும் என்றார்கள். கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். தினமும் ஒரு கண்ணை மூடி, கோடு வளைகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். அடுத்த ஸ்கேன் தை மாதத்தில்.