ஃபைல் பெயர் கொடுக்காவிட்டால்

8 ஏப்ரல் 2025, கொழிஞ்சாம்பாறை

மாமாவின் இளநீர் மண்டியில் லோடு கணக்குப் போட ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்), யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்தது. "கண்ணு, அப்பப் புடிச்சு ஓடீட்டே இருக்குது, ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றார். ஓடவே இல்லை. ஃபைல் பெயர் இல்லாமல் என்டர் தட்டியிருக்கிறார், அது கீபோர்டிலிருந்து ஏதாவது வருமென்று காத்துக்கொண்டிருக்கிறது. ஃபைலில் இருப்பதைக் காட்டும் யூனிக்ஸின் 'கேட்' கட்டளையும் இப்படித்தான், பைப்புக்கு (ஒரு கட்டளை தருவதை அடுத்ததற்குக் கொண்டுபோகும் வழி) நடுவே செருக வசதி என்பதால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதிரில் இருப்பது பைப்பா, ஆள் தட்டச்சு செய்யும் டெர்மினலா என்று நிரலுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். டெர்மினல் என்றால் என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்லலாமே.

9 ஏப்ரல்

பார்க்க மட்டும் செய்கிற கட்டளை தானாக எதையாவது ஊகித்துக்கொள்ளட்டும், ஃபைல் பட்டியல் தரும் 'எல்எஸ்' இருக்கிற ஃபோல்டரைக் காட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? மாற்றுகிற, அழிக்கிற கட்டளைதான் வம்பு. குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் அட்டவணையை வைப்பது 'க்ரான்டேப்'; அதை மட்டும் அடித்தால், யூனிக்ஸ் கட்டளைகளுக்கான பொது விதித்தொகுப்பான போசிக்ஸ்படி, புது அட்டவணையைக் கீபோர்டிலிருந்து படிக்கும். திரை சும்மா நிற்கிறதே என்று கன்ட்ரோல்-டி (உள்ளீடு முடிந்தது என்று சொல்லும் விசை) அழுத்தினால் காலி அட்டவணை பழையதன் மேல் ஏறிவிடும், இரவு ஓட வைத்திருந்த வேலையெல்லாம் போச்சு. ஒரு கேள்விகூடக் கேட்காது! இதை வசதி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

11 ஏப்ரல்

மாமாவின் ஸ்கிரிப்டுக்குப் பிழைச் செய்தி எழுதினேன். எனக்குப் பிடித்தது ஃபைலை நகலெடுக்கும் 'சிபி' பேசும் விதம்: ஒரு பெயர் மட்டும் கொடுத்தால், அந்தப் பெயரைச் சொல்லி அதற்கப்புறம் போய்ச் சேர வேண்டிய ஃபைலைக் காணோம் என்கிறது. வந்தது எது, வராதது எது, இரண்டும் ஒரே வரியில். சில கருவிகள் உதவிப் பக்கம் முழுவதையும் கொட்டும், வேண்டிய வரி மேலே ஓடி மறைந்துவிடும். உதவி கேட்டால் வழக்கமான வெளியீடு போகும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதி, எல்லாம் சரி என்று பொருள்படும் பூஜ்யத்தோடு முடியட்டும். வேண்டியது விடுபட்டால் பிழைக்கென்று தனியாக உள்ள ஸ்டாண்டர்ட் எரரில் எழுதி, கட்டளையோடு கொடுப்பதைப் படிக்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் செய்வதுபோல 2 என்று, அதாவது பிழை என்று, முடிய வேண்டும், இல்லையென்றால் அடுத்த கட்டளை எல்லாம் சரியென்று நினைத்து பில் அடிக்கக் கிளம்பிவிடும்.

12 ஏப்ரல்

மண்டியில் கணக்கு எழுதும் பெண், கேரளப் பள்ளியில் லினக்ஸிலேயே படித்தவள், கறுப்புத் திரைக்குப் பயப்பட மாட்டாள். "தேதி குடுக்கலைன்னா இன்னைக்குத் தேதின்னு எடுத்துக்கட்டுமேண்ணா" என்றாள். நியாயம்தான், ஆனால் லாரி கிளம்புவது பல நாள் நள்ளிரவுக்கு மேல், நேற்றைய லோடு இன்றைய கணக்கில் ஏறும், பார்ட்டி சண்டைக்கு வருவார். மாமாவோ அதுவே கேள்வி கேட்கட்டும் என்றார். டெர்மினலில் ஆள் இருந்தால் கேட்கும்படி வைத்தேன், அட்டவணைப்படி க்ரானில் தானாக ஓடும்போது பதில் சொல்ல ஆளில்லை, அங்கே பிழையோடு நின்றுவிடும். மேல் அம்பை அழுத்தி நேற்றைய கட்டளையையே மறுபடி எடுத்தால் தேதி பழையதாக இருக்குமே என்று அவளே கேட்டாள். அதனால் பில்லுக்கு முன் எந்தத் தேதி, எத்தனை லோடு என்று ஒரு வரி காட்டும்.