உறவை முறிப்பதென்றால் எதை முறிப்பது?

போர் மூண்டதும் "அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு உறவே வேண்டாம்" என்ற குரல் எழுகிறது. உக்ரைன் போரிலும் காஸா போரிலும் இதைப் பார்த்தோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் உறவு என்ற ஒரே சொல்லுக்குள் பணம், ஆயுத ஆராய்ச்சி, கௌரவப் பட்டம், மாணவர்கள், தரவு எல்லாம் அடங்கியிருக்கின்றன. முதல் மூன்றை நாளைக்கே வெட்டட்டும். மாணவர்கள் மீதும் தரவு மீதும் கைவைக்கக் கூடாது.

தரவு ஏன் தனி என்பதைக் கொடைக்கானல் அப்சர்வேட்டரியை வைத்தே சொல்லலாம். 1904 முதல் சூரியனை அங்கே படமெடுத்து வருகிறார்கள். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் நாள்கணக்கில் சூரியன் தலைகாட்டாது. விடுபட்ட நாட்களுக்கு பாரிஸை ஒட்டிய மூடோன், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் போன்ற இடங்களின் படங்கள் கைகொடுக்கும். ஆனால் அவற்றை அப்படியே ஒட்டிவிட முடியாது. கால்சியம் கே கோட்டில், அதாவது கால்சியம் உறிஞ்சும் குறிப்பிட்ட ஊதா ஒளியில், எடுத்த படமென்றால், அலைநீளத்தில் எத்தனை அகலத்துக்கு ஒளியை உள்ளே விட்டார்கள் என்பது ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். கொடைக்கானலில் அது 0.5 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). அகலம் கூடினால் அதே சூரியனில் பிரகாசமான பகுதிகள் மங்கலாகத் தெரியும். புகைப்படத் தகட்டின் உணர்திறனும் ஊருக்கு ஊர் வேறு. இரண்டு இடத்திலும் ஒரே நாளில் எடுத்த படங்கள் ஏராளமாக இருந்தால்தான் ஒன்றை மற்றதன் அளவுக்குக் கொண்டுவர முடியும். தொடர்பு பத்து ஆண்டு அறுந்து, அந்தப் பொது நாட்களின் படங்கள் பகிரப்படாமல் தொலைந்தால், பிறகு சமாதானமானாலும் அந்தச் சூரியனைத் திரும்பப் படமெடுக்க வழியில்லை.

2022 பிப்ரவரியில் நடந்ததும் இதுதான். ரஷ்ய விண்கலத்தில் இருந்த ஜெர்மனியின் ஈரோசிட்டா எக்ஸ்ரே தொலைநோக்கியை ஜெர்மன் தரப்பு நிறுத்தியது. வானம் முழுவதையும் எட்டு முறை அளப்பது திட்டம். நான்கு முறைதான் முழுமையாக முடிந்திருந்தது. இதனால் போர் ஒரு நாள் முன்னதாக நின்றுவிடப் போவதில்லை.

முதல் உலகப்போருக்குப் பின் 1919-இல் உருவான சர்வதேச ஆராய்ச்சிக் கவுன்சில் ஜெர்மானியரைச் சேர்க்கவில்லை. 1926-இல்தான் தடை விலகியது. அந்தக் காலத்தில் கொடைக்கானல் இயக்குநராக இருந்த ஆங்கிலேயர் எவர்ஷெட், பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைன் கணித்த நிறமாலைச் சிவப்புப் பெயர்ச்சியை (ஈர்ப்பால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதை) சூரிய ஒளியில் தேடிக்கொண்டிருந்தார்! அறிவு அப்படித்தான் எல்லை தாண்டும்.

தென்னாப்பிரிக்கப் புறக்கணிப்பைச் சொல்லி மறுப்பார்கள். நிறவெறி அரசு தனிமைப்பட்டது அவசியம், மறுக்கவில்லை. ஆனால் அரசை எதிர்த்த அங்குள்ள ஆசிரியர்களும் கதவடைப்பில் சிக்கினார்கள்.

ஜெனீவாவில் உள்ள ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் ஓரளவு பிரித்துப் பார்த்தது. ரஷ்யாவோடு ஒப்பந்தத்தை 2024 நவம்பர் 30-உடன் முடித்துக்கொண்டாலும், ரஷ்யாவிலேயே இருந்தாலும் பல நாடுகள் உறுப்பினராக உள்ள தூப்னா ஆய்வு மையத்துடனான ஒப்பந்தத்தை விட்டுவைத்தது.

நம் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது இது. புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தரவுப் பகிர்வைத் தனி இணைப்பாக எழுதுங்கள். முதன்மை ஒப்பந்தம் ரத்தானாலும் அந்த இணைப்பு நீடிக்கும் என்று ஒரு வரி சேருங்கள். மூலப்படம், கருவியின் அளவைச் சரிபார்க்க உதவும் அளவொப்புக் கோப்பு, நாட்குறிப்பு மூன்றும் இரு நாடுகளிலும் முழுப் பிரதியாக இருக்கட்டும். படத்தை மட்டும் வாங்கிவைத்தால் எந்தக் கருவியில், எந்த வடிகட்டியில் எடுத்தது என்று தெரியாமல் கிடக்கும். ஏற்கெனவே சேர்ந்த ஆய்வு மாணவர் பட்டம் பெறும்வரை கைடு மாறக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இதையெல்லாம் போர் வருமுன் எழுத வேண்டும். வந்தபின் கையெழுத்துப் போட யாரும் முன்வர மாட்டார்கள்.